துலுக்காணத்தின் தைரியம்

முடிச்சூர் அடுக்குமாடிக் குடியிருப்பு வாட்ச்மேன் துலுக்காணம், சாயங்காலம் ஆறு மணிக்குத் தரைக்கு அடியில் இருக்கும் மோட்டார் ரூமுக்குள் இறங்கினால், அவர் பல் தந்தியடிக்கிற சத்தம் தாம்பரம் ஸ்டேஷன் வரை கேட்கும். வெள்ளம் வந்த வருஷத்திலிருந்து அங்கே ஏதோ குடியிருக்கிறது என்பது அவர் கட்சி. மோட்டார் போடாவிட்டால் வேலை இல்லை என்பது செக்ரட்டரி கட்சி.

"பேய் கீது, பேய் கீதுன்னே நெனச்சா கீற மாதிரிதான் தெரியும்," என்றாள் மனைவி துர்கா. "தைரியமா நாலு வார்த்தை சத்தமா சொல்லிக்கினே எறங்கு." அந்த வார்த்தைகளைக் காதோடு சொல்லியும் கொடுத்தாள்.

பத்தே நாளில் துலுக்காணம் புலியாகிவிட்டார். பேய் எதிரில் வந்தால் டீ வாங்கிவரச் சொல்லி அனுப்புகிற தைரியம்.

பதினோராம் நாள், முதல் மாடி ரேஷ்மா சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, காலி பண்றீங்க?"

"இந்த வீட்ல பேய் இருக்குண்ணா. பத்து நாளா, டெய்லி ஆறு மணிக்கு பாத்ரூம் குழாய்க்குள்ள ஒரு ஆம்பளைக் குரல். 'இங்க நான் மட்டும்தான் கீறேன், வேற யாரும் இல்ல'ன்னு திரும்பத் திரும்பச் சொல்லுது."

துலுக்காணம் சாவிக்கொத்தை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

"துர்கா, நீ சொல்லிக்குடுத்ததை ஒரு வார்த்தை பிசகாம அந்தப் பேயும் கத்துக்கினு கீது."