இரண்டரை லெவல் எதிராளி

"நான் ரமா. டூ பாயிண்ட் ஃபைவ்" என்று வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ராக்கெட்டை நீட்டினாள் அந்த அம்மாள்.

"ஆராவமுதன். எனக்கும் அதே டூ பாயிண்ட் ஃபைவ்தான்" என்று இவரும் தன் ராக்கெட்டால் அதைத் தொட்டார். கை கொடுப்பதைவிட அது சௌகரியமாக இருந்தது.

அந்த டென்னிஸ் லீகில் டூ பாயிண்ட் ஃபைவ் என்றால், பந்து வலையைத் தாண்டினாலே சந்தோஷப்படுகிறவர்கள். பழைய ஆபீஸ் நண்பர் வெங்கிதான் இவர் போனில் அதன் ஆப்பை இறக்கி, ரிட்டையராகி உட்கார்ந்திருந்தவரைச் சேர்த்துவிட்டார். நம் லெவலுக்கும் ஏரியாவுக்கும் பொருந்துகிற ஆளாகப் பார்த்து ஆப் கோத்துவிடும். நாள், நேரம், கோர்ட் எல்லாம் இரண்டு பேரும் மெசேஜிலேயே பேசிக்கொள்ள வேண்டியதுதான்.

எதிராளியின் பெயரைப் பார்த்ததும் ஆராவமுதனின் விரல் 'வேண்டாம்' பக்கம்தான் போயிற்று. எதற்கும் இருக்கட்டும் என்று வெங்கிக்குப் போன் போட்டார்.

"லேடியா? தோத்துடுவோம்னு பயமா சார்? சும்மா போய் ஆடுங்க, ஜீவனஹள்ளி கோர்ட்ல யாரு வந்து பாக்கப் போறாங்க?"

அவர் சம்மதம் என்று அழுத்தியதற்கு வீரம் காரணமில்லை. ஒரு மணி நேரம் ஒரு மனுஷ ஜீவனோடு பேசலாமே என்ற ஆசைதான்.

வீட்டில் பேச்சு நின்று ஒரு வருஷம் ஆகப் போகிறது. மகள் ஷ்ரேயா தானே மாப்பிள்ளை பார்த்துக்கொண்டாள் என்ற கோபத்தில் அவர் கல்யாணத்துக்குப் போகவில்லை. மனைவி தனியாகப் போய் நடத்திவிட்டு வந்தாள். அன்றிலிருந்து, "டிபன் ரெடின்னு அவர்கிட்ட சொல்லு சொர்ணம்" என்று சமையற்கார அம்மா வழியாகத்தான் தகவல் போக்குவரத்து. சொர்ணம் லீவு போட்டால் அன்றைக்கு வீட்டில் ஒளிபரப்பே கிடையாது.

வருத்தமா என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருந்தது மனசு.

ஆட்டம் தொடங்கியது. ஆராவமுதனின் செர்வ் கொரியர் மாதிரி. போய்ச் சேரும், எப்போது என்றுதான் சொல்ல முடியாது. ரமாவின் செர்வ் அதற்குத் தம்பி.

பந்தையெல்லாம் அவள் அவருடைய வலது பக்கமாகவே போட்டுக்கொண்டிருந்தாள்.

"இடது பக்கமும் போடலாமே, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார்.

"அந்த முட்டியை வெச்சிண்டு அங்க ஓட முடியாது. விடுங்கோ."

முழு ட்ராக் பேண்டுக்குள் இருந்த முட்டிப் பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு அடுத்த பந்துக்குத் தயாரானார்.

நடுவில் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இரண்டு பைகளும் இரண்டு பேருக்கும் இடையில் இருந்தன.

"வீட்ல சொல்லிண்டு வந்தேளா?" என்று ரமா கேட்டாள்.

"இல்லை. நீங்க?"

"நானும் சொல்லலை."

அவர் தண்ணீர் குடித்தார். "யார்கிட்ட சொல்றது? மனைவி எங்கிட்ட பேசறதில்லை. பொண்ணு கல்யாணத்துக்கு நான் போகலை."

"ஏன் போகலை?"

இந்தக் கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. வந்தவர்கள் எல்லோரும் பதிலையும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள்.

"வீம்புதான். வேஷ்டி கட்டிண்டு ரெடியாத்தான் உக்காந்திருந்தேன். மனைவி இன்னொரு தடவை கூப்பிடுவான்னு பாத்தேன். கூப்பிடலை."

ரமா ராக்கெட் நரம்புகளை ஒவ்வொன்றாக நேராக்கினாள். "கூப்பிட்டிருக்கலாம்" என்றாள் ராக்கெட்டிடம்.

ஆராவமுதனுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. இந்த அம்மாள் இன்னொரு ஆட்டத்துக்கு ஒத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி சொர்ணம் மூலம்தான் வாழ்க்கை.

கடைசி பாயிண்ட். ரமா அடித்த பந்து பின்கோட்டில் விழுந்து எழும்பியது.

"அவுட்!" என்று பழக்கதோஷத்தில் அவர் வாய் சொல்லிவிட்டது.

இந்த லீகில் நடுவர் கிடையாது. நம் பக்கம் விழுந்த பந்துக்கு நாம் சொல்வதுதான் தீர்ப்பு. ரமா வாதாடவில்லை. தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தாள். அந்த நடையைப் பார்த்ததும் ஆராவமுதனுக்கு உள்ளே எங்கோ வலித்தது. வலிக்கிறதே என்று ஆச்சரியமாகவும் இருந்தது.

"நில்லுங்கோ. கோட்டு மேலதான் விழுந்துது. நான்தான் தப்பா சொன்னேன்."

அவள் நின்றாள். "அப்போ நீங்க தோத்துடுவேள்."

"தோத்துட்டுப் போறேன்."

வலையருகே மறுபடி ராக்கெட்டுகள் தொட்டுக்கொண்டன. "அடுத்த வாரமும் ஆடலாமா?" என்று கேட்டபோது அவர் குரல் அவருடைய செர்வை விட மெதுவாக வந்தது.

ரமா பையை மாட்டிக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்துவிட்டாள். அவ்வளவுதான் என்று ஆராவமுதன் ஷூ நாடாவை அவிழ்த்தார், வேறு வேலையில்லாததால் மறுபடி கட்டினார்.

அவர் வெளியே வந்தபோது, ஒரு ஆட்டோவை நிறுத்தி டிரைவரிடம் கன்னடத்தில் வழி சொல்லிவிட்டு ரமா உள்ளே உட்கார்ந்திருந்தாள். வண்டி கிளம்பவில்லை.

"நீங்க கிளம்புங்கோ. நான் வேற ஆட்டோ பாத்துக்கறேன்" என்றார்.

ரமா ஸீட்டில் நகர்ந்து இடம் விட்டாள்.

"ஒரே வீட்டுக்கு எதுக்கு ரெண்டு ஆட்டோ? ஏறுங்கோ."