கீழே இருக்கும் வரி

தீபாவை ஏற்றிப்போக வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. அரக்கனுக்கு இன்னும் கொஞ்சம் உயிர் மிச்சம் இருக்கிறது.

"நைனா, ஃப்ளைட்டுக்கு நேரமாவுது. பெட்டியைக் குடு."

"இரும்மா."

என் மகள் ஜப்பானில் வேலை பார்க்கிறாள். போன வருஷம் லீவில் வந்தவள், உள்ளங்கை அகலத்துக்கு மடக்கி மூடுகிற இந்த வீடியோ விளையாட்டுப் பெட்டியை விட்டுவிட்டுப் போனாள். அது அவளோடு தங்கியிருக்கும் சிநேகிதியுடையதாம். ஒரு வருஷமாகக் கேட்கிறாளாம். இன்றைக்குப் பெட்டி போகிறது. இப்போது இந்த அரக்கனைச் சாய்க்காவிட்டால் இனி எப்போதும் இல்லை.

உள்ளே இருப்பதெல்லாம் ஜப்பான் எழுத்து. எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும்.

போகும்போது இரண்டு விஷயம் சொல்லிக்கொடுத்தாள். ஆட்டத்தில் வரும் விளக்கு மரத்தடியில் நின்றால் அதுவரை ஆடியது அழியாது. ஏதாவது கேள்வி கேட்டால் இரண்டு வரி வரும். மேலே இருப்பது சரி. கீழே இருப்பது வேணாம்.

அது போதும் எனக்கு.

அவள் முடிக்காமல் விட்ட ஆட்டத்தை நான் தொடவில்லை. அடுத்தவன் தறியில் ஏற்றிய பாவில் நான் நெய்வதில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

தெருவில் என்னை மாட்டேன் தசரதன் என்பார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத எதற்கும் நான் சரி சொன்னதில்லை. பெரணமல்லூரிலிருந்து ஒரு சீட்டுக் கம்பெனிக்காரன் வந்தான். தெருவே வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டது. நான் தறியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவன் ஓடிப்போன அன்று தெருவே என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து அழுதது. காபி போட்டுக் கொடுத்தோம்.

பெட்டிக்குள்ளும் அதே தசரதன்தான்.

ஒரு கிழவி கைத்தடியோடு வந்து கும்பிட்டாள். இரண்டு வரி வந்தது. கீழே இருப்பதை அமுக்கினேன். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனாள். மொட்டைத் தலையோடு ஒரு பயில்வான் வந்தான். கீழே. றெக்கை வைத்த ஒரு பெண் வந்தாள். கீழே. சத்திரத்துக்காரன் கட்டிலைக் காட்டினான். அவனுக்கும் கீழேதான். கடையில் எதைத் தொட்டாலும் கேள்வி வரும் என்பதால் ஒன்றும் வாங்கவில்லை. குகையில் கேட்பாரில்லாமல் கிடந்த கத்தியை எடுத்துக்கொண்டேன்.

பச்சைச் செடியைத் தின்றால் தெம்பு ஏறும். ஊதாச் செடியைத் தின்றால் சுருண்டு விழுவான் நம்ம ஆள். தின்று பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

செத்தேன். மறுபடி விளக்கு மரத்திலிருந்து நடந்தேன். மறுபடி செத்தேன். மத்தியானம் கரண்ட் போய் விளக்கு அணைந்தால் தெருவில் மற்றவர்கள் தூங்குவார்கள். நான் தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு செத்துக்கொண்டிருப்பேன்.

இதோ, இப்போது அரக்கன் முட்டி போட்டுவிட்டான்.

அடிக்கக் கத்தியை ஓங்கினேன். ஆட்டம் நின்றது. அரக்கன் பேச ஆரம்பித்தான். எழுத்து ஓடியது, ஓடியது, நிற்கவே இல்லை. கடைசியில் இரண்டு வரி வந்து நின்றது.

என் தோளுக்கு மேலே குனிந்து தீபா படித்துக்கொண்டிருந்தாள். மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது.

"நைனா, இதுல..."

"வாயைத் தொறக்காதே."

என் வீட்டுக்காரி கமலத்தின் தம்பி பரசுராமன், அக்கா மகளை வழியனுப்ப வந்தவன். அவனால் சும்மா இருக்க முடியுமா?

"மேல அமுக்கு மாமா. பாதி ராஜ்யம் தரேன்றானோ இன்னாவோ! வந்த லட்சுமியை ஏன் தொரத்தறே?"

"வாழ்க்கையில ஒரு தபா சரின்னு சொன்னா இவருக்கு வாய் கோணிக்கும்டா" என்றாள் கமலம், பையில் முறுக்கைத் திணித்தபடி. "பொண்ணு பார்க்க வந்தப்போ சரின்னு சொன்னதோட நிறுத்திட்டாரு."

வண்டிக்காரன் ஆரன் அடித்தான்.

கீழே இருப்பதை அமுக்கினேன்.

திரை இருட்டானது. கெட்டுப்போச்சு என்று நினைத்தேன். பிறகு அரக்கன் உச்சியிலிருந்து பொடிப்பொடியாக உதிர்ந்தான். பொழுது விடிந்தது. மேளம் மாதிரி ஒரு பாட்டு வந்தது.

தீபா மெதுவாகச் சொன்னாள்.

"என்னை விட்டுடு, இனிமே யாரையும் தொடமாட்டேன்னு கெஞ்சறான் நைனா. புள்ளை குட்டி இருக்குதுன்றான். நான் ரெண்டு தபாவும் பாவம் பார்த்து மேல அமுக்கிட்டேன். எழுந்து நின்னு ஒரே அடியில சாவடிச்சான்."

"கெஞ்சறவனை நம்பலாமா?" என்றேன்.

பாட்டு முடிந்து திரையில் ஒரு கிரீடம் வந்தது. கன்னங்கரேலென்று இருந்தது. கீழே சின்னதாக எழுத்து.

அதைப் படித்ததும் தீபா பையைத் தரையில் வைத்தாள். அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் ஜெயிச்சிருந்தா பொன் கிரீடம்தான் வந்திருக்கும். ஆட்டத்தைத் தொடங்கறதுக்கு முன்னாடியே ஒரு கேள்வி கேட்டிருக்குமே நைனா? இன்னா அமுக்கினே?"

"இன்னாத்தை அமுக்குவேன். கீழதான்."

"'வழி கஷ்டமா இருக்கும், உனக்கு மட்டும் கொஞ்சம் லேசாக்கித் தரட்டுமா'ன்னு கேட்டுது அது. வேணாம்னவங்களுக்கு மட்டும்தான் இந்தக் கருப்புக் கிரீடம்."

பரசுராமன் என்னைப் பார்த்தான். கமலமும் பார்த்தாள்.

நான் பெட்டியை மடக்கித் துண்டால் துடைத்து மகள் கையில் கொடுத்தேன்.

"தமிழ்ல கேட்டிருந்தாலும் அதைத்தான் அமுக்கியிருப்பேன். ஜல்தியா ஏறு, நேரமாவுது."