உப்புத்தாள்

"ஏம்ப்பா அழிச்சே?"

சவரம் செய்து முகம் கழுவிக்கொண்டு வந்த என்னைப் பார்த்ததும் மகள் ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

"அழிச்சேன்னு சொல்லக் கூடாதுடி. ஷேவ் பண்ணியான்னு கேளு" என்று திருத்தினாள் மனைவி.

மகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. அழுகை இன்னும் கொஞ்சம் ஏறியது.

எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

பின்னே? தினமும் காலையில் நான் கண் விழிப்பதற்குள் என் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்துவிடுவாள். தலைமாட்டில் இருக்கும் தண்ணீர் டம்ளரில் இரண்டு விரல்களை நனைப்பாள். என் பனியனிலேயே துடைத்துக்கொள்வாள். கண்ணை மூடிக்கொண்டு என் முள்தாடியைத் தடவ ஆரம்பிப்பாள்.

முதலில் கன்னத்தில் ஒரு சுழி. அப்புறம் ஒரு காதோரத்திலிருந்து கீழே இறங்கி, தாடையோடு போய், மறு காதுப் பக்கம் ஏறி, வளைந்து, மூக்குக்குக் கீழே கிச்சுகிச்சு மூட்டிவிட்டு நிற்பாள். நெற்றியில் செல்லமாக ஒரு குத்து. மறுபடியும் முகத்தில் அதே சுற்று. கடைசியில் காதோரம் ஒரு இழுப்பு.

எந்த அப்பனுக்குக் கிடைக்கும் இந்தக் கொஞ்சல்? பட்டறையில் இதைச் சொல்லிச் சொல்லி எல்லோர் காதையும் புளிக்க வைத்திருக்கிறேன். இதற்காகவே மாதக்கணக்கில் முகத்தில் கத்தி வைக்கவில்லை. முள்முள்ளாக நிற்கும்படி மெஷினில் நறுக்குவதோடு சரி.

"சோம்பேறித்தனத்துக்குப் புள்ளை ஒரு சாக்கு" என்பாள் மனைவி.

இன்று கத்தி வைத்தது அவள் உத்தரவு. மகளை இந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டு வேறு பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போவதாக மிஸ்ஸிடம் சொல்ல வேண்டும். சொல்லப்போகிறவன் ஆள் மாதிரி இருக்க வேண்டாமா?

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. அவளுடைய அக்கா மகனுக்கும் எங்கள் மகளுக்கும் ஒரே வயது. அவன் ரெட்டைக்கோடு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிறான். இவள் இன்னும் ஓர் எழுத்துகூட எழுதியதில்லை. கேட்டால், உப்புத்தாளில் எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டி, விரலால் தடவச் சொல்கிறார்களாம். இரும்புத் தகட்டின் ஓரத்தோடு பென்சிலை ஓட்டச் சொல்கிறார்களாம்.

"உப்புத்தாள் தேய்க்க இந்த வீட்ல நீங்க ஒருத்தர் போதாதா?"

நான் மரச்சாமானுக்குப் பாலிஷ் போடுகிறவன். வாயைத் திறப்பேனா?

ஆனால் மகளுக்கு அந்தப் பள்ளிக்கூடம் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை லீவு என்று சொன்னால்கூட நம்மோடு சண்டைக்கு வருவாள். அவளைப் பிரித்துக் கூட்டிக்கொண்டு வர வேண்டுமே என்று வழியெல்லாம் நான் மனைவிக்கும் மகளுக்கும் பின்தங்கியே நடந்தேன்.

வகுப்பில் எல்லாமே குட்டி நாற்காலிகள். உட்கார்ந்ததும் முழங்கால் மோவாயில் இடித்தது. கொஞ்சம் பேச வேண்டும் என்று மட்டும் மிஸ்ஸிடம் சொல்லிவிட்டு, நானும் மனைவியும் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மகள் விசும்பிக்கொண்டே ஒரு சின்னப் பாயை விரித்தாள். கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்தாள். இரண்டு விரல்களை நனைத்தாள். துண்டில் துடைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அட்டையில் ஒட்டியிருந்த 'ப'வின் மேல் விரல்கள் போயின. கீழே இறங்கி, குறுக்கே போய், மேலே ஏறின.

என் தாடை குறுகுறுத்தது. அடிப்பாவி, அப்படியானால் அது கொஞ்சல் இல்லையா? இத்தனை மாதமாக நான் வெறும் அட்டைதானா? பட்டறைக்காரர்கள் முகத்தில் இனி எப்படி விழிப்பேன்?

அடுத்த நிமிஷமே மூளை வேலை செய்தது. முதலில் ஒரு சுழி, 'அ'. அப்புறம் இரண்டு தடவை 'ப'. நடுவில் ஒரு புள்ளி. அப்பா! தினமும் என் முகத்தில் என்னையேதான் எழுதியிருக்கிறாள்! மனைவியை முழங்கையால் இடித்து, இப்போது பார் என்று கண்ணைக் காட்டினேன்.

மிஸ்ஸிடம் ஒரு பலகையும் சாக்பீஸும் கேட்டு வாங்கி, மகள் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"அப்பா மூஞ்சில தினமும் எழுதுவியே, அதை இதுல எழுதும்மா."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. 'அ' எழுதினாள். கோணல்தான், ஆனால் சந்தேகமே இல்லாத 'அ'. அடுத்து சாக்பீஸ் கீழே இறங்கி, குறுக்கே போய், மேலே ஏறியது. நான் கை தட்டத் தயாரானேன்.

சாக்பீஸ் நிற்கவில்லை. மேலே போனது வளைந்து, உள்ளே இறங்கி வந்து நின்றது. என் மூக்குக்குக் கீழே கிச்சுகிச்சு மூட்டும் அதே வளைவு. தலையில் ஒரு குத்து. மறுபடியும் அதே சுற்று, அதே வளைவு. பக்கத்தில் ஒரு கால்.

"அம்மா" என்று வாசித்தாள் மனைவி. அவளும் மகள் பக்கத்தில் குந்திவிட்டாள்.

"என்னமோ பேசணும்னு சொன்னீங்களே?" என்றார் மிஸ்.

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "ஒண்ணுமில்ல மிஸ். சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம்."

தெருவில் எனக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்தாள். முனை திரும்பியதும் நின்றுவிட்டாள்.

"ஏன் அழிச்சேன்னு புள்ளை சரியாத்தான் கேட்டிருக்கா" என்றாள்.

போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்க, என் கன்னத்தில் கையை வைத்தாள். தாடி விட்ட நாளிலிருந்து அவள் கை பட்டதே இல்லை.

"ஏங்க, இது மறுபடியும் எப்ப வளரும்?"