வில்பிரட் வளர்த்த காலிபிளவர்

"ஏளா பகவதி! மடியில என்ன?"

புத்தாண்டுப் பூசை முடிந்து வந்த வில்பிரட் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது.

பகவதி பக்கத்து வீட்டுக்காரி. மார்க்கெட்டில் காய்கறிக் கடை. தினமும் வில்பிரட் வீட்டுக் குழாயில்தான் குடிதண்ணீர் பிடிப்பாள். இன்றைக்குக் குடத்தை ஓரமாக வைத்துவிட்டு, அவருடைய காலிபிளவர் செடிக்கு முன்னால் குந்தியிருந்தாள். இலைகளைக் கட்டியிருந்த வாழைநார் பாதி அவிழ்ந்து கிடந்தது. மடியில் வெள்ளை வெளேரென்று ஒரு பூ.

அது லேசுப்பட்ட பூவா?

தூத்துக்குடி உப்புக்காற்றில் காலிபிளவர் விளைவிக்கிறேன் என்று துறைமுக ஆபீஸ் முழுக்க மூன்று மாதமாகத் தம்பட்டம் அடித்தவர் அவர். பன்னிரண்டு நாற்றில் பதினொன்று கருகிப்போன கதையை மட்டும் சொல்லவில்லை. மிஞ்சிய ஒன்றில் பூமேல் வெயில் படக்கூடாதென்று இலைகளைக் கூட்டிக் கட்டினார். மனைவி பிளாரன்ஸ்கூடத் தொடக்கூடாதென்று உத்தரவு. தாமும் பிரித்துப் பார்க்கவில்லை. பார்க்காமலே ஆபீஸ் சூப்பிரண்டை மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்தாயிற்று.

"ஏளா, கத்தி எங்க?"

"கத்தி இல்ல அண்ணாச்சி."

"கையாலயே ஒடிச்சிட்டியோ? தண்ணி குடுத்த வீட்டுலயா திருடுத?"

வேலிக்கு அந்தப் பக்கம் கூடிவிட்ட தலைகளைப் பகவதி பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மூடிக்கொண்டாள்.

"தப்புதான் அண்ணாச்சி."

பூவை அவர் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்த தலையோடு போனாள்.

"பாவங்க, ஆசைப்பட்டிருப்பா" என்றாள் பிளாரன்ஸ்.

"ஆசையா? பொறாமை! நம்ம பூவைப் பார்த்தா அவ கடைச் சரக்கை எவன் வாங்குவான்?"

ஒற்றைச் செடிக்காரர் பேச்சு அது.

மத்தியானம் சூப்பிரண்டு இரண்டு தடவை காலிபிளவர் குருமா கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"நம்ம மண்ணுலயா இது? நம்பவே முடியலய்யா!"

வில்பிரட்டுக்குத் தலைகால் புரியவில்லை. உரம், பக்குவம், கைராசி என்று அரைமணி நேரம் பிரசங்கம் செய்தார். அதுவும் போதாமல், "இருங்க சார், செடியையே பிடுங்கியாந்து காட்டுதேன்" என்று தோட்டத்துக்கு ஓடினார்.

இலைகளை விலக்கினார்.

தண்டு வெட்டுப்படவில்லை, ஒடிபடவும் இல்லை. நடுவில் எலுமிச்சங்காய் அளவுக்கு அவர் வளர்த்த பூ, கறுத்து அழுகி, அப்படியே உட்கார்ந்திருந்தது.

அப்படியானால் பகவதி பூவை எடுக்க வரவில்லை. தன் கடைப் பூவை வைக்க வந்திருக்கிறாள்! தினமும் செடியைத் தாண்டிப் போகிற காய்கறிக்காரிக்கு அழுகல் வாடை தெரியாதா? காலையில் கைக்கு வந்த பூவின் காம்பு காய்ந்திருந்ததைக்கூடக் கவனிக்காத 'விவசாயி' வில்பிரட்டுக்குத்தான் தெரியவில்லை. ஊர் முன்னால் அவர் மானம் போகக்கூடாதென்று திருட்டுப் பட்டத்தையும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

கால் தானாக வேலிப்பக்கம் நடந்தது.

"பகவதி!" குரல் உரக்கவே வந்தது. "நான் ஒரு மடையன்ளா. அந்தப் பூவு..."

பதறி ஓடிவந்த பகவதி வாயில் விரலை வைத்தாள்.

"மெதுவாப் பேசுங்க அண்ணாச்சி! சார் காதுல விழுந்திரப் போவுது."