எண்ண வராதவர்

"ஒண்ணு, ரெண்டுன்னு பத்து வரைக்கும் சொல்லுங்கண்ணா. மைக் ஒழுங்கா எடுக்குதான்னு பாக்கணும்" என்றாள் மோகனப்ரியா.

"எண்றதெல்லாம் நமக்கு வராதும்மா. பஸ் ரூட்டு சொல்றேன்" என்ற பூபதி, கண்டக்டர் மாதிரியே கத்தினார். "மத்திகிரி! தளி ரோடு! ஓசூர் பஸ் ஸ்டாண்டு! சில்லறையை எடுத்து வெச்சுக்கோ!"

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

வடக்கிலிருந்து பிழைக்க வந்தவர்களுக்காக நிற்கும் சங்கத்தில் அவளுக்கு வேலை. அவர்கள் கதையைப் போட்டோவும் குரலுமாகக் கம்ப்யூட்டரில் கோத்து, மூன்று நிமிடப் படமாக்குவாள். இப்போது வடக்கத்திப் பையன் சுனாவின் கதை. தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் அவனுக்கு இரண்டு விரல் போயிருந்தது. காண்டிராக்டர் ஆஞ்சப்பனோ, "அப்படி ஒருத்தன் எங்கிட்ட வேலையே செய்யல" என்று சாதித்தார்.

கூட வேலை செய்தவர்கள் முகம் காட்டப் பயந்தார்கள். அவர்களின் கைகளை மட்டும் அவள் படமெடுத்தாள். குரல் கொடுக்கத் துணிந்தவர் பூபதி ஒருவர்தான். அடுத்தவன் கஷ்டத்துக்கு வாய் திறக்க நம்ம ஊரிலும் ஒரு ஆம்பளை இருக்கிறாரே என்று அவளுக்கு ஏகப் பெருமை. படத்தின் முடிவில் 'குரல்: உள்ளூர்த் தொழிலாளி பூபதி' என்று கொட்டை எழுத்தில் போட்டாள்.

அந்த வரிதான் காலை வாரியது.

தொழிலாளர் அதிகாரியின் அறையில் படம் ஓடி முடிந்ததும் ஆஞ்சப்பன் சிரித்தார். "கையில ஊர் பேரு எழுதியிருக்குதா சார்? எங்கிட்ட வடக்கத்தி ஆளே கெடையாது. ரிஜிஸ்டரைப் பாருங்க. முத்துமணி, அழகர்சாமி, இந்தப் பூபதி... எல்லாம் நம்ம ஆளுங்க. உள்ளூருன்னு இவங்களே போட்டிருக்காங்களே!"

மோகனப்ரியா தலையில் அடித்துக்கொண்டாள். அடக் கடவுளே, நான் எழுதினதே சுனாவுக்கு எமனாயிடுச்சே!

அதிகாரி பூபதியிடம் திரும்பினார். "நீ இவர் ஆளுதானே? அந்தப் போட்டோவுல எத்தனை பேரோட கை இருக்குய்யா?"

"அவரே சொல்லிட்டாருங்களே சார், அவரு ஆளுதான்."

மோகனப்ரியா அந்தப் போட்டோவைத் திரையில் நிறுத்த, பூபதி எழுந்து கம்ப்யூட்டர் அருகே போனார். திரையில் ஒவ்வொரு கையாகத் தொட்டு, அறை முழுக்கக் கேட்கும்படி எண்ணினார்.

"ஏக, துயி, தினி, சாரி, பாஞ்ச..."

ஆஞ்சப்பனின் சிரிப்பு நின்றுபோனது.

"பதினோரு வருசத்துல உங்க தமிழு நல்லாவே வந்துடுச்சுங்க சார். எண்றது மட்டும் இன்னும் எங்க ஒரிசா பாஷையிலதான் வருது" என்றார் பூபதி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "பூபதிங்கறது இவரு ரிஜிஸ்டர்ல வெச்ச பேரு, எங்கப்பா வெச்சது பிரபுல்ல நாயக். அதுல அழகர்சாமின்னு இருக்கே, அவன்தான் சார் சுனா!"