முதலிடம் எந்தத் தொடருக்கு?

சூப்பர் ஹீரோ தொலைக்காட்சித் தொடர்களைத் தரவரிசைப்படுத்தும் யூடியூப் விமர்சகர் கிருசாந்தனை, நெடுங்கேணி விவசாயிகள் மூன்றாவது மாலையும் வயற்கரையில் பேச அழைத்திருந்தார்கள். பெருமையில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"ஸ்பீக்கரை ஏன் காட்டுப் பக்கம் திருப்பியிருக்கிறியள்? சனம் இஞ்சையெல்லோ இருக்கு!"

"அது கிடக்கட்டும் தம்பி," என்றார் விவசாயச் சங்கத் தலைவர் ஏரம்பு. "முதலாமிடம் எந்தத் தொடருக்கெண்டு இண்டைக்கே சொல்லிப்போடாதேங்கோ. நெல்லு வெட்டி முடியுமட்டும் இழுங்கோ."

"நெல்லு வெட்டுக்கும் சூப்பர் ஹீரோவுக்கும் என்ன சம்பந்தம் ஐயா?"

"யானை கலைக்கிற யானைவெடி இந்தமுறை கிடைக்கேல்லை. உங்கட சத்தத்துக்கு யானை வயலுக்குள்ளை இறங்குதில்லை."

கிருசாந்தனின் முகம் கறுத்தது. "அப்ப என்ர விமர்சனத்தை ஒருத்தரும் கேக்கேல்லையோ?"

"ஏன் கேக்காமல்?" என்றார் முன்வரிசையில் இருந்த விமலேஸ்வரி. "நேற்று மூண்டாமிடத்தை மெதுவாச் சொன்னியள். என்ர அரை ஏக்கர் நெல்லையும் யானை திண்டுபோட்டுது."