ரொட்டிக்குள் பொம்மை

ஒத்திலியா கொல்லைப்புறத்துத் தண்ணீர்த் தொட்டியடிக்கு ஓடினாள்.

ரொட்டித் துண்டு நெஞ்சில் நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை.

கூடத்தில் சிரிப்பு வெடித்தது.

"ஓடுறா பாருங்க! பொம்மைய முழுங்கிட்டா! தமாலே போடணுமேன்னு பயம்!" அண்ணன் பெண்டாட்டி கூக்காவின் குரல்.

புயேப்லா ஊரில் ஜனவரி ஆறாம் தேதி வளைய ரொட்டி வெட்டாத வீடு கிடையாது. உள்ளே விரல்நுனி அளவு பிளாஸ்டிக் பொம்மைகள் மூன்று, நான்கு ஒளிந்திருக்கும். யார் துண்டில் வருகிறதோ, அவர் பிப்ரவரி இரண்டாம் தேதி எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு, சோள மடலில் மாவை வைத்து அவித்த தமாலே போட வேண்டும். தப்பிப்பதற்காகப் பொம்மையை விழுங்கிவிடுகிற கில்லாடிகளும் உண்டு.

குழாயைத் திறக்கக் கை போனது. வேண்டாம். தண்ணீர் ரொட்டிமேல் தேங்கி மூச்சுக்குழாயில் இறங்கினால் கதை முடிந்தது.

டாக்டர் படம் போட்டே காட்டியிருந்தார். தோலை இறுக்கிய நோய் உள்ளேயும் புகுந்துவிட்டது. உணவுக்குழாயைத் தள்ளச் சொல்லும் நரம்புகள் ஊமையாகிவிட்டன. சாப்பிட்டது தன் கனத்தில் தானே இறங்கினால்தான் உண்டு. ரொட்டியா? தொடவே கூடாது.

நிமிர்ந்து நின்றாள். ஊறிய எச்சிலைத் துப்பினாள்.

யாரும் எழுந்து வந்து பார்க்கவில்லை.

அவளுடைய மடங்கி விறைத்த விரல்களை வாதம் என்று வீட்டில் எல்லாரும் நம்பியிருந்தார்கள். விருந்துகளில் தட்டைத் தொடாததைத் திமிர் என்று. 'ராணிக்கு நம்ம சோறு இறங்காது' என்பாள் கூக்கா. முதலில் கூப்பிடுவது நின்றது. பிறகு அவள் வீட்டுக்கு வருவதும். இன்றும் அழைப்பில்லாமல் அவளாகத்தான் வந்தாள்.

நோயைச் சொன்னால் வருவார்கள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பரிதாபப்பட்டுவிட்டுப் போவார்கள்.

ரொட்டி அசைந்தது. கல் மாதிரி உரசிக்கொண்டு, மெல்ல, இறங்கியது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். மேசைக்கு மேல் வலது கையை நீட்டி, மடங்கிய விரல்களை இடது கையால் ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

உள்ளங்கையில் வெள்ளைப் பொம்மை.

"யாரும் முழுங்கல அண்ணி. ரெண்டாம் தேதி எல்லாரும் என் வீட்டுக்கு வந்துடுங்க."

ஒரே கைதட்டல். "எனக்கு மிளகாய் வச்சது!" என்றான் அண்ணன். "எனக்கு அன்னாசி!" என்று ஒரு வாண்டு கத்தியது.

கூக்கா பொம்மையைப் பறித்து வெளிச்சத்தில் பிடித்தாள். "அட, ஒரு பொட்டு மாவுகூட ஒட்டலையே! நக்கியே சுத்தம் பண்ணிட்டியாடி?"

எல்லாரும் சிரித்தார்கள். ஒத்திலியாவும் சிரித்தாள்.

மாவு எப்படி ஒட்டும்? அண்ணன் ரொட்டியில் கத்தி வைக்கும் முன்பே அது அவள் விரல்களுக்குள் இருந்தது. அந்த ஒரு வாய் ரொட்டி, நம்ப வைப்பதற்கு.

பொம்மையைக் காலையில் சந்தையில் வாங்கியிருந்தாள்.